பழுப்பு அட்டை போட்ட புத்தகம்

போன வருடம், விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குத் தினமும் காலை பாசஞ்சர் ரயிலில் நான் வேலைக்குப் போகும் வழியில் நடந்தது இது. எங்கள் பெட்டியில் வழக்கமாக வரும் இருபது பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. அதில் கணக்கு, அறிவியல் புத்தகப் பட்டியல்களை அடிக்கடி போடுவேன். எல்லாம் இணையத்தில் சுட்டவை. அவற்றில் ஒன்றைக்கூட நான் படித்ததில்லை. ஆனாலும் பெட்டியில் எனக்குப் படிப்பாளி என்ற பெயர் வந்துவிட்டது. நானும் மறுக்கவில்லை.

விக்கிரவாண்டியில் ஓர் அக்கா ஏறுவார். திண்டிவனத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கடைநிலை உதவியாளர். ஒருநாள் என்னிடம், "கணக்கு, சயின்ஸ் ரெண்டும் நல்லா வர்றதுக்கு என்ன புக்கு சார் படிக்கலாம்?" என்று கேட்டார். யாருக்கு, எதற்கு என்று நான் கேட்கவே இல்லை. பழைய பட்டியலில் இருந்து ஒன்றை அனுப்பிவிட்டு, வேகவைத்த மல்லாட்டைக் கடலையை உரிக்கத் தொடங்கிவிட்டேன்.

பத்து நாள் கழித்து, பழுப்பு அட்டை போட்ட புத்தகம் ஒன்றோடு எதிரில் வந்து உட்கார்ந்தார். "சார், முடிவே இல்லாததுலயும் சின்னது, பெருசு இருக்குதுன்னு போட்டிருக்கு. அது எப்டிங்க?"

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "போகப் போகப் புரியும்க்கா" என்று சமாளித்தேன். மறுநாளும் கேள்வி வந்தது. அதற்கடுத்த நாளும். இந்த அக்கா எதைப் படிக்கிறார், எதற்காக என்னைக் குடைகிறார் என்று குழம்பிப்போனேன். ஒரு வாரம் வேறு பெட்டியில் ஏறிப் பார்த்தேன். அங்கேயும் தேடி வந்துவிட்டார்.

ஆனால் அன்று கேள்வி கேட்கவில்லை. "நான் ஃபார்ம் போடல சார்" என்றார்.

"என்ன ஃபார்ம்?"

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. வீட்டுக்காரர் இறந்ததால் கிடைத்த வேலையாம் அது. பத்தாவது தேறினால் எழுத்தராகப் பதவி உயர்வு கிடைக்கும். அந்தக் காலத்தில் கணக்கிலும் அறிவியலிலும் மட்டும் போய்விட்டதாம். தனித்தேர்வராக எழுத விண்ணப்பிக்க மறுநாள்தான் கடைசி நாள்.

"ரெண்டு வாரமா படிச்சிக்கினு இருக்கேன். பன்னெண்டாம் பக்கம் தாண்டல. என் மண்டைக்கு இதெல்லாம் ஏறாதுங்க. எதுக்கு வீண் பேஜாரு?"

புத்தகத்தை வாங்கி அட்டையைப் பிரித்துப் பார்த்தேன். என் பட்டியலில் மூன்றாவதாக இருந்த, முடிவிலியைப் பற்றிய உயர்கணிதப் புத்தகம். பத்தாம் வகுப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ரயில் மயிலம் தாண்டியதும் சொல்லிவிட்டேன். "இதை நானும் படிச்சதில்லக்கா. எதையுமே படிச்சதில்ல. சும்மா அனுப்பினேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். புத்தகத்தை என் கையிலேயே விட்டுவிட்டுத் திண்டிவனத்தில் இறங்கிப் போய்விட்டார். கோபமா, வருத்தமா, ஒன்றும் விளங்கவில்லை. அன்று அலுவலகத்தில் எனக்கு வேலையே ஓடவில்லை.

மறுநாள் என் மடியில் ஒரு புத்தகம் வந்து விழுந்தது. அவர் மகளுடைய எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம்.

"இதயாவது படிச்சிருக்கீங்களா?"

"படிச்சேன்க்கா. மறந்துபோச்சு."

"நீங்களே படிக்கலன்னதும்தான் எனக்கு உசுரு வந்துது. நேத்து சாயங்காலமே போய் ஃபார்ம் போட்டுட்டேன். ஜல்தியா மொதப் பக்கத்த எடுங்க."

தினமும் திண்டிவனம் வரும்வரை இருவரும் பின்னங்களோடு மல்லுக்கட்டினோம். பாதி நேரம் அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். தேர்வில் கணக்கு தேறிவிட்டார். அறிவியல் போய்விட்டது, அடுத்த முறைக்குப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

பழுப்பு அட்டைப் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. நானும் பன்னிரண்டாம் பக்கத்தில்தான் நிற்கிறேன். யாராவது நல்ல புத்தகம் சொல்லச் சொன்னால், நான் படிக்காத ஒன்றால் ஒருவர் தன்னையே மக்கு என்று முடிவு கட்டிக்கொள்ள இருந்தாரே என்ற பயம்தான் இன்றும் முதலில் வருகிறது.