இடுப்பில் இல்லாத பீஸ்

வலிக்கு ஓர் எண் சொல்லும்படி வைத்தியர் கேட்டபோது ஏழரை என்றேன். அரைக் கணக்கு வேண்டாம், பூச்சியத்திலிருந்து பத்துக்குள் முழு எண்ணாகச் சொல்லுங்கள் என்றார் அவர். நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் வரைபடம் வரைந்தவன் நான். அரையை விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. கடைசியில் எட்டு என்றேன்.

வலி வலது பக்கத்தில், முதுகெலும்பு இடுப்பெலும்போடு பொருந்தும் இடத்தில் இருந்தது. கதிரையிலிருந்து எழும்பினால் குத்தும். இருபது நிமிடத்துக்கு மேல் இருந்தால் தொடைக்கு இறங்கும். அன்று மாங்குளத்திலிருந்து வவுனியாவுக்கு வந்த பஸ்ஸில் மூன்று தரம் எழுந்து நின்றேன். ஒவ்வொரு தரமும் என் கையைப் பிடித்துக்கொண்டவர் என் அயல் வயல்காரர். ஒரே வாய்க்காலில் எனக்கு அடுத்து, கீழே அவருடைய காணி. என்னைவிட இருபத்திரண்டு வயது இளையவர்.

எறிகணைத் துண்டை எங்கள் பக்கத்தில் பீஸ் என்போம். அவருடைய உடம்பில் இரண்டு பீஸ் இருக்கின்றன. ஒன்று இடது தோளில், மற்றது கழுத்தின் கீழே. என் இடுப்பில் ஒன்று இருப்பதாக ஊரில் எல்லாருக்கும் தெரியும். "ஐயாவின்ர ஒண்டு, என்ர ரெண்டு. நாங்கள் செத்தா எரிக்க முதல் பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டு நிறுக்கச் சொல்ல வேணும்" என்பது அவருடைய பகிடி. ஒவ்வொரு முறையும் நான் சிரித்திருக்கிறேன்.

என் இடுப்பில் ஒன்றுமே இல்லை.

சண்டை நடந்த நாட்களில் பதுங்குகுழிக்குள் அவசரமாகக் குதித்து, விளிம்பிலிருந்த பனங்குற்றியில் இடுப்பை அடித்துக்கொண்டேன். நடந்தது அவ்வளவுதான். பிறகு அகதி முகாமில் தண்ணீர் வரிசையில் நொண்டிக்கொண்டு நின்றபோது ஒரு பிள்ளை வந்து, பீஸ் பட்டதோ ஐயா என்று கேட்டாள். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் ஒரு கதிரை கொண்டுவந்து போட்டாள். அதில் இருந்துகொண்டு, எனக்குப் பின்னால் நிற்பவர்களை எண்ணினேன். நாற்பத்தொரு பேர்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கதிரையை விட்டு நான் எழும்பவில்லை. சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் திறக்க முதல், வாய்க்காலில் உள்ள ஒவ்வொரு குடும்பமும் தன் பங்கைத் துப்புரவாக்க வேண்டும். நாடா பிடித்து அளந்து முளை அடிப்பவன் நான். ஆளுக்குப் பதினெட்டு மீற்றர். பீஸ்காரன் என்பதால் என் பங்கை நான் வெட்ட வேண்டாம் என்றார்கள். "ஐயாவின்ரையை நான் பாக்கிறன்" என்றார் அயல்காரர். தண்ணீர் வராத இரண்டு வருடங்களைக் கழித்தால் பத்து வருடம், நூற்றெண்பது மீற்றர். அதையும் அவருக்கு நான்தான் அளந்து கொடுத்தேன், ஒரு சாண் குறையாமல்.

வைத்தியர் என்னை எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பத்தான் முதலில் நினைத்தார். அது பெரிய காந்தம். உடம்பில் உலோகம் ஏதும் உண்டா என்று தாதி படிவத்தைப் பார்த்துக் கேட்டார். நான் வாய் திறக்க முதல் அயல்காரர் முந்திக்கொண்டார். "ஓம் மிஸ், இடுப்பில பீஸ் கிடக்கு." பழைய எக்ஸ்ரே இருக்கிறதா என்று வைத்தியர் கேட்டார். கறையான் அரித்துவிட்டது என்றேன். அது பேப்பரில் சுற்றியபடி அலுமாரியின் மேல்தட்டில் பத்திரமாக இருந்தது.

அப்படியானால் காந்தம் வேண்டாம், எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே அந்த மூட்டுக்குள் ஊசி போடுவோம் என்றார் வைத்தியர். வலி குறைந்தால் பிழை அந்த மூட்டில்தான் என்று தெரிந்துவிடும், மருந்தும் போட்டதாகும்.

வயிற்றின் கீழே தலையணை வைத்துக் குப்புறப் படுக்கவைத்தார்கள். கட்டியிருந்த சாரம் பாதி இறக்கப்பட்டிருந்தது. வளைந்த கை போன்ற ஓர் இயந்திரம் எனக்கு மேலே வந்து நின்றது. விறைக்கும் மருந்து குத்தியபோது பதினொன்று வரை எண்ணினேன். முகத்தைத் திருப்பினால் திரை தெரிந்தது. அதில் என் இடுப்பெலும்பு சாம்பல் நிறத்தில் விரிந்து கிடந்தது. உள்ளே இறங்கிய ஊசி மட்டும் அழுத்தி வரைந்த கறுப்புக் கோடாகத் தெரிந்தது. உலோகம் இருந்தால் இப்படித்தான் தெரியும் என்று எனக்கு அப்போது விளங்கியது.

வைத்தியருக்கும் அது விளங்கியிருக்க வேண்டும்.

"பீஸ் எந்தப் பக்கம் ஐயா?"

"வலப் பக்கம்."

"ரெண்டு பக்கமும் பாத்திட்டன். ஒண்டும் இல்லை." சின்னத் துண்டென்றால் சில வேளை தானாகவே வெளியில் வந்துவிடும் என்றார். எனக்காக ஒரு வாசலைத் திறந்துவிட்டார். அது வந்திருக்கும் என்று தலையணைக்குள் சொல்லி, நான் அந்த வாசலால் போய்விட்டேன்.

அரை மணி நேரம் இருக்கச் சொன்னார்கள். அதற்குள்ளேயே வலி மூன்றுக்கு இறங்கிவிட்டது. வெளியே வாங்குப் பலகையில் அயல்காரர் என் குடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"படத்தில பாத்தவையோ? பீஸ் அசைஞ்சிருக்கோ?"

ஏன் கேட்கிறீர் தம்பி என்றேன். இடது கையில் இரண்டு விரல் சில மாதமாக விறைக்கிறது என்றார். கழுத்துப் பக்கத்துப் பீஸ் அசைகிறதோ என்று பயமாம். வீட்டில் சொல்லவில்லையாம். என்னோடு துணைக்கு வந்ததில் பாதி, இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வந்திருக்காது.

"அசையேல்ல. அப்பிடியே கிடக்கு" என்றேன்.

"அப்ப என்ரையும் கிடக்கும்" என்றார். அவருடைய முகம் தெளிந்தது. கன்டீனில் எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தார். கையைக் காட்டாமலேயே அன்று ஊருக்கு வந்துவிட்டார்.

இருபத்து மூன்று நாள் கழித்து வாய்க்கால் வேலை. என் வலி இரண்டுக்கு வந்திருந்தது. வழக்கம்போல முளை அடித்தேன். அவர் தன்னுடையதை விட்டுவிட்டு என் பங்கைத் தொடங்கினார். நாலாவது வெட்டில் மண்வெட்டி அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்தார். ஆறாவதில் மறுபடியும் விழுந்தது. இடது கையை உதறிவிட்டுச் சிரித்தார்.

நான் வாய்க்காலுக்குள் இறங்கினேன்.

"தம்பி, என்ர உடம்பில பீஸ் இல்லை."

"விழுந்திட்டுதோ?"

"ஒருநாளும் இருக்கேல்ல."

அவர் என் இடுப்பைப் பார்த்தார். "அப்ப, அசையேல்ல எண்டு சொன்னது?"

"அசையிறதுக்கு அங்க ஒண்டும் இருக்கேல்ல. நீர் கையைக் கொண்டுபோய்க் காட்டும். நானும் கூட வாறன்."

அவர் தன் விரல்களை மடக்கி விரித்தார். மண்வெட்டியை என் பக்கம் கரையில் சாத்திவைத்தார்.

"நான் தனியப் போறன்" என்றார்.

அந்தக் கிழமையே போனார். என்ன சொன்னார்கள் என்று எனக்கு அவர் சொல்லவில்லை. இரும்புப் பகிடியும் அதோடு நின்றுவிட்டது.

உண்மையைச் சொன்ன அன்று நான் பதினொரு மீற்றர் வெட்டினேன். மூட்டு வலிக்கவில்லை, எழுபத்தாறு வயதுக் கைகள்தான் அதற்கு மேல் ஏலாது என்றன. மிச்சம் ஏழு மீற்றரில் புல் நின்றது. நாளைக்கு வெட்டுவோம் என்று விட்டேன். அடுத்த நாள் காலை தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். அந்த ஏழு மீற்றரில் மட்டும் தண்ணீர் தேங்கித் தேங்கிப் போனது. கரையில் நின்று பார்த்தேன். அவருடைய வயல் அதற்குக் கீழேதான் இருக்கிறது.