ராஜாவை மைக்கில் கூப்பிட்ட நாள்

கஹவத்தை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒட்டுப்பால் வாங்கும் கடை ஒன்று இருக்கிறது. மரத்திலேயே காய்ந்துபோன ரப்பர் பால்தான் அது, நாறும். போன வாரம் அதைத் தாண்டியவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். நான் வெட்கமில்லாமல் நின்று மூச்சை இழுத்துவிட்டேன். எனக்கு அது, தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் எங்களோடு இருந்த ராசேந்திரண்ணனின் வாடை. காலையில் பால் வெட்டுவார். பின்னேரம் ஒட்டுப்பால் அடைத்த சாக்கைத் தொங்கவிட்டுக் குத்துவார். நானும் ஒருநாள் குத்தினேன். சாக்கு திரும்பி வந்து என்னைக் குத்தியது. அவ்வளவுதான் என் பொக்சிங்.

சித்திரை வருஷத்துக்கு டவுன் மைதானத்தில் குத்துச்சண்டைப் போட்டி வைப்பார்கள். "கஹபன் ராஜா" என்று சிங்களச் சனம் அவரை அடிக்கச் சொல்லிக் கத்தும். ராசேந்திரன் அங்கே ராஜா. லயத்தில் எங்களுக்கும் அன்றைக்கு நெஞ்சு நிமிரும்.

அவருக்கு நாற்பது தாண்டியபின், ஒருநாள் அவர் மரங்களில் களிமண் பூசியிருந்ததைக் கண்டேன். பால் வெட்டும் கத்தி பட்டையோடு நிற்க வேண்டும். கட்டையில் பட்டால் மரத்துக்குக் காயம். கங்காணி கண்ணில் படாமல் இருக்க மண்ணை அப்பியிருக்கிறார், பாவி மனுசன். குத்து வாங்கி வாங்கி இடது கண் மங்கியதை யாரிடமும் சொல்லவில்லை.

அவர் மனைவி செல்வியக்காவுக்கு மண்ணைக் கண்டதுமே விளங்கிவிட்டது.

"அசையாத மரத்தையே காயப்படுத்துற கண்ணு, ஓடி வர்ற குத்த எப்படிங்க பாக்கும்? மத்தக் கண்ணும் போச்சுன்னா?"

"இந்த ஒரு வருஷம் மட்டும் செல்வி. போகலேன்னா பயந்துட்டான்னு சொல்லுவானுங்க."

"சொல்லட்டும்."

போட்டியன்று கிளவுசைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் சுற்றி இருந்தோம். டவுன் மைக் சத்தம் ரப்பர் மரங்களுக்கு மேலாக மிதந்து வந்தது. ராஜா, ராஜா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். வெயில் மெல்லச் சாய்ந்தது. பாதித் தூக்கத்தில் கேட்பது மாதிரி இருந்தது எனக்கு.

"கூப்பிடுறாங்க பாரு," என்றார் அண்ணன்.

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் எழும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் வேறு பெயரைக் கூப்பிட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த மரங்களையெல்லாம் வெட்டி லொறியில் ஏற்றிவிட்டார்கள். மைதானத்தில் கடைகள் வந்துவிட்டன. மிச்சமிருந்த கண்ணால் பேத்தியின் முகம்வரை பார்த்துவிட்டுத்தான் அண்ணன் போனார். லயத்தில் இப்போது அக்கா மட்டும். போன வாரம் அவரைப் பார்க்கத்தான் போயிருந்தேன். தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"அன்னைக்கு அவர விட்டிருக்கலாமோ தம்பி?"