இன்கா மலைப்பாதையில் ஓர் இரும்பு உரல்

சவரிமுத்து சார் இறந்துவிட்டார் என்று எங்களோடு காலையில் நடக்கும் கணேசன் போனில் சொன்னபோது நான் ஒட்டன்சத்திரத்தில் என் மண்டியில் முருங்கைக்காய்க் கட்டுகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன். "யாருங்க சொன்னது?" என்று கேட்டேன். "அவரு வீட்டம்மாதான் சொன்னாங்க. காலையில காப்பி குடிச்சுட்டு நாற்காலியில உக்காந்தவரு எந்திரிக்கல." போனை வைத்துவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டு உறுதி செய்துகொண்டேன். எந்தச் செய்தியையும் ஒரே வாயில் கேட்டு நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை. காய்கறி கமிஷன் மண்டி நடத்துகிறவன், பெட்டியின் மேல் வரிசைத் தக்காளியைப் பார்த்து அடியில் இருப்பதை நம்பினால் பிழைக்க முடியாது.

அந்தப் பழக்கம்தான் இப்போது என்னை இதை எழுத வைக்கிறது. திண்டுக்கல் மலைக்கோட்டையைச் சுற்றிக் காலையில் நடக்கும் எங்கள் குழுவில் எல்லோருக்கும் சவரிமுத்து சாரைப் பற்றி நான் சொன்ன ஒரு கதை தெரியும். மூன்று வருடமாக அதைச் சொல்லிவந்தேன். அவருக்கு அஞ்சலி எழுத இந்த ஆளுக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். அந்தக் கதையை என் வாயிலிருந்து கேட்டவர்கள் மீதியையும் என்னிடமே கேட்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அவர் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு அவர் அறிமுகமானதே ஒரு பறிமுதலில்தான். இரும்புப் படிக்கற்கள் புழக்கத்தில் இருந்த காலம் அது. ஒருநாள் மண்டிக்குள் வந்து, என் இரண்டு கிலோ கல்லைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் முத்திரை குத்திய ஈயம் எடை குறையும்படி சுரண்டப்பட்டிருப்பதைக் காட்டினார். அதைச் சுரண்டியது யார் என்று இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவரும் கேட்கவில்லை. கல்லில் ஒரு அட்டையைக் கட்டினார். என் பெயர், ஊர், எடை எல்லாவற்றையும் அதில் எழுதினார். பிறகு ஒரு சீட்டு எழுதி என் கையில் கொடுத்தார்.

"இதெல்லாம் எதுக்குங்க சார்?" என்றேன்.

"ஒருத்தர் பொருள எடுத்தா சீட்டு குடுக்கணும் பழனிவேலு. சீட்டு குடுக்காம எடுத்தா அதுக்குப் பேரு வேற" என்றார். பல நாட்கள் கழித்துச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கல்லை வாங்கிவந்தேன். சீட்டு வந்து சேர்ந்தது என்று அவர் ஒரு கையெழுத்துப் போட்ட பிறகுதான் கல் என் கைக்கு வந்தது.

அப்படிப்பட்டவர் பணி ஓய்வுக்குப் பிறகு எங்கள் நடைக்குழுவில் சேர்ந்தபோது எனக்கு உள்ளூரப் பிடிக்கவில்லை. பெரு நாட்டில் நான்கு நாள் மலையில் நடந்து இன்காக்களின் பழைய நகரமான மச்சு பிச்சுவைப் பார்க்கலாம் என்று கணேசன் கிளப்பிவிட்டதும், முதலில் சரி என்றவர் சவரிமுத்து சார். இவருக்கு அங்கே என்ன வேலை என்றுதான் எனக்குத் தோன்றியது. சிறுமலைக்குப் பஸ்ஸில் போகாமல் நடந்து ஏறி, பயணத்துக்குப் பெயர் கொடுத்த நாங்கள் ஐந்து பேரும் பழகினோம். அப்போதெல்லாம் அவர் எனக்குப் பின்னாலேயே நடந்துவந்தார். மூச்சு வாங்குகிறது என்றார். வேவு பார்க்கிறார் என்று நான் நினைத்தேன்.

பெருவில் இறங்கியதும், குஸ்கோ நகரத்து விடுதியில் வழிகாட்டி எட்கர் எங்கள் பைகளை எடை போட்டார். கூடாரம், அடுப்பு, எங்கள் பைகள் எல்லாவற்றையும் சுமையாட்கள்தான் தூக்கிவருவார்கள்; தண்ணீர் வைக்கும் சிறு முதுகுப் பை மட்டும் எங்கள் தோளில். ஆளுக்கு ஏழு கிலோவுக்கு மேல் கூடாது என்பது கண்டிப்பு. என் பையில் ஒரு சின்ன இரும்பு உரல் இருந்தது. இஞ்சியும் மிளகும் தட்டிப் போடாமல் எனக்குச் சளி அடங்காது என்று என் மனைவி உலக்கையோடு அதைச் சட்டைகளுக்கு நடுவே சுருட்டி வைத்திருந்தாள். தரையில் இருந்த தராசில் பையை வைத்தபோது, அதன் ஓரத்துக்குக் கீழே என் கால் பெருவிரலைக் கொடுத்து லேசாக ஏந்திக்கொண்டேன். மண்டியில் பார்த்துப் பார்த்துக் காலுக்கே பழகிப்போன வித்தை அது. முள் ஏழுக்குக் கொஞ்சம் கீழே நின்றது. எட்கர் தலையாட்டினார். பின்னால் வரிசையில் நின்ற சவரிமுத்து சார் என் காதருகே குனிந்து, "காலு வலிக்கலையா பழனிவேலு?" என்றார்.

அப்போதே நாலு பேர் முன்னால் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். அவர் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்ற சந்தேகம் அன்று முழுக்க என்னை அரித்தது. எதையோ மனதில் வைத்துக்கொண்டுதான் சும்மா இருக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு சாவடி இருந்தது. அங்கே சுமையாட்களின் பாரத்தையும் தராசில் ஏற்றிப் பார்க்கிறார்கள். அளவுக்கு மேல் தூக்கினால் ஆளை உள்ளே விட மாட்டார்கள். என் பையையும் சேர்த்துச் சுமந்த ஹூலியோ என்பவரின் பாரம் இரண்டு கிலோ அதிகம் காட்டியது. சாவடிக்காரர் அவரைத் திட்டினார். பாஷை புரியாவிட்டாலும் திட்டு புரிந்தது. ஹூலியோ யாரையும் பார்க்காமல் கட்டைப் பிரித்துத் தன் கம்பளியை உருவி எடுத்துச் சாவடி மூலையில் போட்டுவிட்டு, மறுபடி தராசில் ஏற்றினார். சரியாக இருந்தது. அதை நானும் பார்த்தேன். ஏதோ அவர்களுக்குள் உள்ள விவகாரம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அன்றிரவு கூடாரத்துக்குள் எனக்கே பல் தந்தி அடித்தது. விடிகிற நேரத்தில் வெளியே வந்தால், சுமையாட்கள் எடுத்துப்போக அடுக்கி வைத்திருந்த பைகளுக்கு நடுவே சவரிமுத்து சார் குந்தியிருந்தார். அவர் கை என் பைக்குள் இருந்தது. நான் இரண்டடி பின்வாங்கிக் கூடாரத்துக்குள் போய்விட்டேன். "என்ன சார் தேடறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் ஒரு பதில் சொல்லுவார், அந்தப் பதிலையும் நம்ப முடியாது என்று தோன்றியது.

இரண்டாம் நாள்தான் கடினமான ஏற்றம். இறந்த பெண்ணின் கணவாய் என்று அதற்குப் பெயர். கொடைக்கானலைப் போல இரண்டு மடங்கு உயரம். உயரத்தில் மூச்சு முட்டாமல் இருக்க வாயில் அதக்கிக்கொள்ளச் சொல்லி எட்கர் ஒரு இலையைக் கொடுத்தார். போதை வஸ்துவோ என்று நான் கீழே போட்டுவிட்டேன். சவரிமுத்து சார் வாங்கி மென்றார். ஆனாலும் அன்று எங்கள் எல்லோருக்கும் கடைசியில் வந்தவர் அவர்தான். முதுகுப் பையின் வார் தோளில் பதிந்து கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கணவாயின் உச்சியில் ஒரு பாறையில் சாய்ந்தார்.

"ஏன் சார் இம்புட்டுத் திணறுறீங்க?" என்று கணேசன் கேட்டான்.

"வயசு ஏறுதுல்ல. செத்த நேரம் இருங்க, வாரேன்" என்றார்.

கடைசி முகாமில் சுமையாட்களிடம் விடைபெறும் சடங்கு நடந்தது. அவர்கள் வரிசையாக நின்று பெயர் சொன்னார்கள், நாங்கள் கை கொடுத்தோம். ஹூலியோ என் கையைத் தொட்டுவிட்டு நகர்ந்தார். சவரிமுத்து சாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஹூலியோவின் தோளில் இருந்தது சாரின் பழுப்புக் கம்பளிச் சால்வை. சால்வையைக் கொடுத்து எதையோ வாங்கியிருக்கிறார் என்று நான் கணக்குப் போட்டேன்.

மச்சு பிச்சுவை நாங்கள் பார்த்த காலை பனிமூட்டமாக இருந்தது. சாந்தே இல்லாமல் கல்லோடு கல் பொருத்திய சுவர்கள் என்றார் எட்கர். ராத்திரியோடு ராத்திரியாகச் சிமெண்டு பூசிவிட்டு நம்மிடம் கதை விடுகிறார்களோ என்று நான் குனிந்து பார்த்தேன். சவரிமுத்து சார் இரண்டு கல் சேருமிடத்தில் கட்டைவிரல் நகத்தை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. "யாரும் சோதிக்க வரமாட்டாங்கன்னு தெரிஞ்சும் சரியா வச்சிருக்கான் பாருங்க" என்றார். என்னைக் குத்துகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது.

எட்கர் கண்ணில் உரல் பட்டுவிடும் என்று மலையில் பையை அடிவரை கிளறாமலே இருந்த நான், அன்று மாலை மலையடிவார ஊரின் விடுதியில் அதைக் கொட்டிப் பார்த்தேன். உரல் இல்லை.

ஊர் திரும்பிய பிறகு நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. மற்ற எல்லோரிடமும் சொன்னேன். "ஊருக்கெல்லாம் சீட்டு குடுத்தவரு, என்ற பையில கைய விட்டு உரலத் தூக்கிட்டாருங்க. சீட்டும் குடுக்கல" என்று சிரித்துச் சிரித்துச் சொன்னேன். உரல்காரர் என்று அவருக்கு ஒரு பட்டப்பெயரும் விழுந்தது. ஒருநாள் அது அவர் காதிலும் விழுந்தது. மறுநாளிலிருந்து அவர் மலைக்கோட்டைப் பக்கம் நடக்க வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு என்று அதற்கும் நான் ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, அவர் மனைவி அமலோற்பவம் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். பீரோவுக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை இழுத்தார். உள்ளே என் உரல், உலக்கையோடு. கழுத்தில் நூலால் கட்டிய அட்டை. இரும்பு உரல் ஒன்று, இரண்டு கிலோ நூறு கிராம், உரியவர் பழனிவேல், ஒட்டன்சத்திரம் என்று அவர் கையெழுத்து.

"அந்தச் சுமைதூக்குறவரு ராத்திரி கம்பளி இல்லாம அடுப்பக் கட்டிக்கிட்டுக் கெடந்தாராம்ணே. விடிஞ்சதும் இவரு தன் சால்வையக் குடுத்துட்டு, அந்தாளு பாரம் கொறையட்டும்னு இதத் தன் முதுகுப் பையில போட்டுக்கிட்டு அந்த மலையேறிருக்காரு. நெஞ்சு அப்பவே சரியில்ல அவருக்கு."

"இதை என்கிட்டக் குடுத்திருக்கலாமுங்களே?" என்றேன்.

"நானும் கேட்டேன். சீட்டு வச்சிருக்கேன், பாத்துட்டு வந்து கேப்பாரு, வந்தா அந்தக் கம்பளி விசயத்தையும் அவருட்டப் பேசணும்னாரு. நாலு பேரு முன்னாடி ஒருத்தன நிறுத்துனா அவன் தப்பத்தான் நல்லாப் பழகுவான், தனியா உக்காந்துதான் பேசணும்பாரு." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பெறகு அந்தப் பேச்சு காதுல விழுந்துச்சு. நீங்க போயிச் சொல்லுங்கன்னேன். சீட்டக் கையில வச்சுக்கிட்டே பேசுறாருன்னா நான் போயி என்னத்தச் சொல்லன்னுட்டாரு."

வீட்டுக்கு வந்து, பெருவுக்குக் கொண்டுபோய் இப்போது பரணில் கிடந்த என் பையை இறக்கினேன். உட்புறம் ஒரு சிறிய ஜிப் அறை. மூன்று வருடத்தில் நான் அதைத் திறந்ததே இல்லை. உள்ளே, நோட்டுப் புத்தகத்தில் கிழித்த ஒரு தாள் நான்காக மடித்திருந்தது. உரலையும் உலக்கையையும் என் பொறுப்பில் எடுத்திருக்கிறேன், கேட்டதும் தருவேன் என்று எழுதிக் கீழே முழுக் கையெழுத்துப் போட்டிருந்தார். எல்லோரையும் சந்தேகப்பட்டு எல்லாவற்றையும் துருவுகிற நான், என் பையை மட்டும் துருவிப் பார்க்கவில்லை. நான் தெரிந்தே பழி சொல்கிறேன் என்று எண்ணியபடியே அவர் போய்விட்டார். அந்த மனிதர் என்னைப் பற்றித் தப்பாக நினைத்தது அந்த ஒன்றைத்தான். அப்படி நினைக்க வைத்தவனும் நான்தான்.

கால் பெருவிரலைக் கொடுத்தவன் நான். ஒரு மனிதர் குளிரில் கிடந்தது என்னால். சவரிமுத்து சாரைத் திருடன் என்று சொன்னதும் நான். மலைக்கோட்டையைச் சுற்றி இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்த ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். விட்டுப்போனவர்கள் இதில் படித்துக்கொள்ளுங்கள்.

பொருளைத் திரும்ப வாங்கினால் சீட்டை ஒப்படைக்க வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. ஆகவே மறுநாள் அந்தத் தாளை எடுத்துப் போய் அமலோற்பவம் அம்மாவிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

"அத அவரு கையெழுத்துப் போட்டுத்தான்ணே வாங்கணும்" என்றார்.

உரல் என் வீட்டில் இருக்கிறது. சீட்டும் என்னிடமே இருக்கிறது.