கிடைக்காத மூன்றாவது மணிமாலை

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் நீங்கள் அனைவரும் அக்காவின் நல்ல குணங்களை அறிவீர்கள். தம்பியாகிய நான் சொல்ல வேண்டியது வேறொன்று. என்னைப் பயந்தாங்கொள்ளி என்று அக்கா கேலி செய்வார். அந்தப் பயத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது இந்தத் தீவின் காத்தோங் வட்டாரத்தில். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டதால் படிப்பை நிறுத்திக்கொண்டு அலுவலக வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார். ஓய்வு பெற்றபின் சுவா சூ காங் வீட்டில் துணி நகைகள் செய்யத் தொடங்கினார். கோயில் தேரில் தொங்கும் துணிக் குழல்களான தொம்பைகளின் ஒட்டுத் துணி வேலையை விரல் நீளத்துக்குச் சுருக்கிக் காதணியாக்குவார். நடைபாதையில் விழுந்த இலையைப் பொறுக்கி வந்து அதே நரம்புகளோடு பட்டில் தைப்பார். "கவரிங்க விட்டுட்டுக் கந்தலையா வாங்கப் போறாங்க?" என்று சிரித்த நானே, தேக்காவில் தீபாவளிச் சந்தையில் அவர் கடை போட்டபோது எடுபிடியானேன்.

அந்த ஆண்டு, ஊருக்குப் போய்வந்த தோழி ஒருவர் அக்காவுக்கு ஒரு பொட்டலம் குன்றிமணி கொடுத்தார். மண் பிள்ளையாருக்குக் கண்ணாகப் பதிப்போமே, அதே மணி. சிவப்புத் துணிக் கயிற்றில் கோத்து மூன்று மாலைகள் செய்தார். மணிகளுக்குத் துளை போட்டுக் கொடுத்தவன் நான். சாமிக்கு வைப்பதில் என்ன கெடுதல் இருந்துவிடப் போகிறது என்றுதான் இருவரும் நினைத்தோம். மூன்றும் முதல் நாளே விற்றுப்போயின.

மறுநாள் கடைக்கு வந்த இளம்பெண் ஒருவர், மருந்தகத்தில் வேலை பார்ப்பவராம், மீதி மணிகளைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"அன்ட்டி, இதுலயா ஓட்டை போட்டீங்க? இது பாய்சன் லா! முழுசா இருந்தாலே பாத்து வச்சுக்கணும். தோல் உடைஞ்சத சின்னப் பிள்ளை முழுங்கிட்டா உயிருக்கே ஆபத்து."

அக்கா மீதி மணிகளை அள்ளிப் பையில் போட்டுக் கட்டினார். ஒரு மாலையை வாங்கியது எங்கள் சித்தி மகள். போனில் சொன்னதும் கழற்றிவிட்டாள். இரண்டாவதை வாங்கியவர், பொருத்தமான காதணி செய்து அனுப்பச் சொல்லித் தெம்பனிஸ் முகவரியும் போன் எண்ணும் கொடுத்திருந்தார். போனை எடுக்கவில்லை.

"கடைய மூடுடா. கிளம்பு," என்றார் அக்கா.

ரயிலில் தெம்பனிஸ் போய்ச் சேர்ந்தோம். கதவைத் திறந்த பெண்ணின் இடுப்பில் குழந்தை. அதன் வாயில், முனை அவிழ்ந்த மாலை. பிடுங்கி எண்ணினோம். மாலைக்கு இருபத்தேழு மணிகள். இருபத்தாறுதான் இருந்தன.

மருத்துவமனைக்கு ஓடினோம். "யாரு செஞ்சது இத?" என்று அந்தத் தாய் கத்தினார். நான் வாய் திறப்பதற்குள், "நான்தாம்மா. எல்லாம் நான் செஞ்சதுதான்," என்றார் அக்கா. துளை போட்ட நான் பேசாமல் நின்றேன். கோழைத்தனம், வேறென்ன? குழந்தையின் தந்தை வீட்டில் தேடி, காணாமல்போன மணி சோபாவுக்கு அடியில் கிடந்ததாகப் போனில் சொல்லும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

மூன்றாவதை வாங்கியவரின் பெயர்கூடத் தெரியாது. முகநூலில் எழுதிப் போட்டோம். பதில் இல்லை. அதன்பின் அக்கா எந்த விதையையும் தொடவில்லை. நூலைச் சுற்றியே மணி செய்தார். ஞாயிறுதோறும் தேக்காவில் பெண்களின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பார். கடைசி நாள்களில் நாக்குக் குழறியபோதும், "மூணாவது கிடைச்சுதாடா?" என்றே கேட்டார்.

"கிடைச்சிரும்க்கா," என்றேன்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், சமைத்துக் கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், மகளைத் தூக்கிக்கொண்டு இறுதிச் சடங்குக்கு வந்த அந்தத் தெம்பனிஸ் குடும்பத்துக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

இன்னும் ஓர் உதவி வேண்டும். கருப்புக் கண் வைத்த சிவப்பு மணிகள் கோத்த துணி மாலை உங்களிடமோ, தெரிந்தவர்களிடமோ இருந்தால், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள். எந்த நேரமானாலும் வருகிறேன். கிடைத்துவிட்டது என்று அக்காவின் படத்துக்கு முன் நின்று நான் இன்னும் சொல்லவில்லை.