லிஃப்ட்காரி

காரைக்குடியில் கல்யாண வீடியோ எடுப்பவன் நான். சினிமா எடுக்க வேண்டும் என்று கிளம்பி, தாலி கட்டும் நேரத்தைத் தவறவிடாமல் பிடிப்பதில் வந்து நின்றவன். அதனால் எனக்குப் பிடித்த இயக்குநர் ஒருவர் இங்கே படம் எடுக்க வருகிறார் என்று தெரிந்ததும், படப்பிடிப்புக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அவர் படத்தில் எந்தக் காட்சியைப் பார்த்தாலும் அவருடையது என்று சொல்லிவிடலாம். கதவு நட்ட நடுவில் இருக்கும். கதவுக்கு நடுவில் ஓர் ஆள் நின்று நேராக நம்மைப் பார்ப்பார். சுவர்கள் ரோஸ் மில்க் நிறத்தில் இருக்கும். அழ வேண்டிய இடத்தில் யாராவது மிக்சர் சாப்பிடுவார்கள். இந்த முறை ஐந்து குட்டிக் கதைகளைக் கோத்து ஒரே படம். ஒரு கதையில் ஊராட்சித் தலைவர் ஓர் ஆடு.

நாச்சியாபுரம், கீழச்சிவல்பட்டி, நேமத்தான்பட்டி என்று அவரைக் காரில் வைத்துச் சுற்றினேன். நான் எடுத்த குறும்படம் பென் டிரைவில் என் சட்டைப் பையிலேயே இருந்தது. கடைசி நாள் காப்பிக்கு வீட்டுக்கு அழைத்து வந்தேன். குடித்து முடித்ததும் கொடுப்பதாகத் திட்டம்.

மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கும் என் மனைவி அப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். டம்ளரை வைத்துவிட்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "சீனி போட்டுட்டேன். உங்களுக்கு சுகர் எதும் இருக்கா?" என்று கேட்டாள்.

அவர் காப்பியைத் தொடவில்லை. "நீங்க நடிப்பீங்களா?" என்றார்.

"இவளா? போட்டோவுக்கே நிக்க மாட்டா சார்," என்றேன்.

அவள் என்னைக் கவனிக்கவில்லை. "என்ன நடிக்கணும்?"

"மாடியே இல்லாத ஒரு வீட்டுல லிஃப்ட் இருக்கு. அதை ஓட்டுறவங்க நீங்க. வர்றவங்ககிட்ட எந்த மாடின்னு கேட்கணும்."

"மாடியே இல்லேங்கிறீக. அப்புறம் எதுக்குக் கேக்கணும்?"

"லிஃப்ட்ல ஏறினா கேட்பாங்கல்ல?"

அவள் யோசித்தாள். "அதுவும் சரிதான்," என்றாள்.

பென் டிரைவை நான் எடுக்கவேயில்லை.

நேமத்தான்பட்டி வீட்டுக் கூடத்தில் வான நீலத்தில் ஒரு லிஃப்ட் பெட்டி செய்து வைத்தார்கள். உள்ளே அவள், தொப்பியும் பித்தளைப் பொத்தான் வைத்த சட்டையுமாக நின்றாள். இயக்குநர் அவளிடம் போய் மெதுவாக ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள். கேபிள்களுக்குப் பின்னால் நின்ற எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வயிறு எரிந்தது. நான் ஆசைப்பட்ட கேமரா அவரிடம் இருந்தது. அந்தக் கேமராவின் கவனம் அவளிடம் இருந்தது. யார் மேல் எரிகிறது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மத்தியானம் படக்குழுவோடு சாப்பிட உட்கார்ந்தவள், "அங்குட்டு ஏன் தனியா நிக்கிறீக? வாங்க," என்று கூப்பிட்டாள். பசியில்லை என்றேன். நல்ல பசி.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுப் பச்சைச் சுவருக்கு நடுவில் அவளை நிறுத்தி, "நேராப் பாரு, சிரிக்காத," என்று படம் எடுத்தேன். ஆதார் கார்டுக்கு எடுத்தது போல வந்தது. திரும்ப எடுத்தேன். அதுவும் அப்படியே.

"அவரு உங்கிட்ட அப்படி என்னதான் சொன்னாரு?"

"கடையில கூட்டம் நிக்கிது, டாக்டர் எழுத்து புரியல, அப்ப எப்படிப் பாப்பேனோ அப்படிப் பாக்கச் சொன்னாரு."

"உன் கடை விசயம் அவருக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டாரு, சொன்னேன்." கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "நீங்கதான் கேட்டதில்ல."

படம் வெளியானதும் ஊர் தியேட்டரிலேயே பார்த்தோம். அவளுடையது மூன்றாவது கதை. பெட்டியோடு ஒரு பெரியவர் ஏறுகிறார். "எந்த மாடி?" என்று கேட்கிறாள். "அஞ்சு." பொத்தானை அழுத்துகிறாள். இருவரும் நேராக நம்மையே பார்த்து நிற்கிறார்கள். கதவு திறந்தால் அதே கூடம். பெரியவர் இறங்கி நின்று, மூச்சை இழுத்து, "இங்க காத்து நல்லா வருது," என்கிறார். அவள் தலையை லேசாக அசைக்கிறாள், அவ்வளவுதான். தியேட்டர் கைதட்டியது. காட்சி சொதப்பியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். ஆனால் அவ்வளவு நன்றாக இருந்தது. நானும் தட்டினேன், உள்ளே எரிய எரிய.

அதற்குப் பிறகு காய்ச்சல் மாத்திரை வாங்க வருகிறவர்கள்கூட அவளோடு செல்ஃபி எடுத்தார்கள். எனக்குப் போன் செய்த மாப்பிள்ளைகள், "அண்ணே, அந்தப் படம் மாதிரி நடுவுல நிக்கவச்சு எடுங்க," என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன். எல்லோரும் திருப்தியாக வாங்கிப் போனார்கள். எனக்குத்தான் ஒன்றும் பிடிக்கவில்லை.

போன மாதம் அடுத்த படத்துக்கு அவர் அவளை மறுபடி கூப்பிட்டார். கொடைக்கானலில் படப்பிடிப்பு. "போகவா?" என்றாள். "போயிட்டு வா," என்றேன். நான் அதைச் சரியாகச் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் போனாள்.

மறுநாள் போன் செய்தாள். "இங்குட்டு ஒரே குளிரு."

"இந்தத் தடவை என்ன வேசம்?"

"வெளிய சொல்லக்கூடாதாம்."

"எங்கிட்டக்கூடவா?"

"உங்ககிட்டயுந்தான்," என்று சிரித்தாள். அவளுக்குப் பின்னால் யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டது. "இந்தா வாரேன்," என்று அங்கே குரல் கொடுத்துவிட்டு, என்னிடம் கேட்டாள்: "வச்சிரவா?"