காஜாக்காரியின் தூக்கம்

“சாப்பிட்டியா சாப்பிட்டியான்னு கேக்காத! இருபத்தெட்டு வருஷமா போன்ல கேட்டதுலயே வயிறு ரொம்பிடுச்சு.”

காஜாக்காரி தன் அம்மாவிடம் இப்படிக் கத்தியது சுவர் தாண்டி என் அறைக்குள் வந்தது. வெளிநாட்டில் வீட்டு வேலை பார்த்து, முழங்கால் தேய்ந்து, அந்த அம்மா திரும்பி வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

காஜாக்காரி என்பது தொழிலால் வந்த பெயர். தையல்கடைச் சட்டைகளுக்குப் பொத்தான் துளை போடுகிறவள். முப்பத்துநாலு வயது. அவள் அறையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், அவ்வளவுதான். முன்பு ஒருவனைப் பேசி முடித்தார்கள். மூன்று மாதம் வெளியூர் வேலை என்று அவன் சொன்ன அன்றே, “அப்படியே போயிடு” என்று அனுப்பிவிட்டாள். திமிர் என்றது தெரு. நானும் சொன்னேன், என் வாய் சும்மா இருக்குமா?

அம்மா வந்த பதினோராம் நாள் மெஷின் ஊசி அவள் விரலில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். கட்டுப் போட்ட டாக்டரம்மா அவள் கண்ணைப் பார்த்தார்.

“தூங்கி எத்தனை நாளாச்சு?”

“நல்லா இருக்கேன் டாக்டர்.”

“நான் அதையா கேட்டேன்? இப்படியே போனா அடுத்த தடவை விரலே மிஞ்சாதும்மா.”

மனநல டாக்டரிடம் அனுப்பினார். அங்கேயும் நான் கூட இருந்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“வீட்ல ஆள் இருந்தா தூக்கம் வராது. கண்ணு முழிச்சா இருக்க மாட்டாங்க.”

“தனியா இருந்தா?”

“தனியா இருந்தா யாரு போறதுக்கு இருக்கா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்கு ஆறு வயது இருக்கும்போது, அவள் தூங்கும் நேரம் பார்த்துத்தான் அம்மா பெட்டியைத் தூக்கினாள். அப்போது வெளிநாடு போன பெண்கள் எல்லோரும் அப்படித்தான் போனார்கள். பிள்ளை அழுதால் கால் நகராது என்று பயம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கு என்று சொல்லிக்கொடுத்தவளே, அப்போதும் பக்கத்து வீட்டில் இருந்த நான்தான். அதை மறைத்து இனி எனக்கு என்ன ஆகப்போகிறது? காலையில் எழுந்த குழந்தை கட்டிலடியில் தேடியது, குளியலறையில் தேடியது. “கடைக்குப் போயிருக்கா” என்றாள் வளர்க்க வந்த சித்தி. சாயங்காலம் வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. ஒரு சொட்டு அழவில்லை. நல்ல பிள்ளை என்று எல்லோரும் மெச்சினோம்.

டாக்டர் மாத்திரை எழுதி, வாரம் ஒருமுறை வந்து பேசச் சொன்னார். வரும் வழியில் காஜாக்காரி ஒரு பித்தளை மணி வாங்கினாள். அதைக் கதவுத் தாழ்ப்பாளில் கட்டினாள். மணி அடிக்காதவரை அம்மா உள்ளேதான் இருக்கிறாள் என்று கணக்கு. அன்றைக்கு நாலு மணி நேரம் தூங்கினாளாம்.

மூன்றாம் நாள் விடிந்ததும் கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தேன். அம்மா பால் பாக்கெட்டோடு வாசலில் நிற்கிறாள். போகும்போது மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்திருக்கிறாள்.

“தூங்கற புள்ளைய எழுப்ப வேணாம்னுதான்டி...”

“எழுப்பு! அடிச்சு எழுப்பு! எழுப்பிட்டு எங்க வேணா போய்த் தொலை!”

காஜாக்காரி மூச்சு வாங்க அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா கிட்டே போக அஞ்சி என்னைப் பார்த்தாள்.

“இனிமே சொல்லிட்டுப் போடி” என்றேன் அம்மாவிடம். சொல்ல வேண்டிய அன்றைக்குச் சொல்லாத வாய்.

சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது காஜாக்காரி இன்னொரு மணியோடு வந்தாள். ஸ்டூல் மேல் ஏறி, கதவின் உச்சியில், அம்மாவின் கை எட்டாத இடத்தில் ஆணி அடித்து மாட்டினாள். மணியின் விலை நாற்பத்தைந்து ரூபாய்.