கத்தியைக் கையில் கொடுப்பதில்லை

தற்காப்பு வகுப்பின் முதல் நாள் பயிற்சியாளர் எங்களை வட்டமாக உட்காரவைத்து, "யாருக்குப் பயந்துகிட்டு வந்தீங்க, சொல்லுங்க" என்று கேட்டாள். ஒருத்தி பஸ் ஸ்டாண்டில் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியவனைச் சொன்னாள். வரிச்சிக்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள், வயலுக்கு நடுவே போகும் ரோட்டைச் சொன்னாள். என் முறை வந்ததும் "சும்மா, உடம்பு இளைக்கலாம்னுதான்" என்றேன். என் உடம்பைப் பார்த்தவர்கள் அதை நம்பாமல் இருக்க வழியில்லை. நான் பயந்தது என் மாமியாருக்கு. அதை ஊர் அறியச் சொல்ல முடியுமா?

மாமி என் தோள் உயரம்கூட இருக்கமாட்டார். ஊதினால் விழுந்துவிடுவார் போலிருக்கும் உடம்பு. என்னைக் கட்டிய மச்சான் துபாயில் இருப்பதால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மறதி நோய் அவருக்குக் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போடுவதில் ஆரம்பித்தது. பிறகு நாள் மறந்தது, கிழமை மறந்தது, இறந்துபோன மாமாவுக்குச் சோறு எடுத்து வைப்பது தொடங்கியது. இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றே ஒன்றுதான்.

ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு எழுந்தேன். மாமி அறை வாசலில் நின்றுகொண்டு என்னைப் பார்க்காமல் என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு புள்ள அது, உன் பின்னால?"

திரும்பினேன். சுவரும் அதில் மாட்டிய காலண்டரும்தான் இருந்தன. "யாரும் இல்லையே மாமி" என்றேன்.

"உன்கூடச் சேந்து தொழுதாளே. நீ எந்திரிச்சிட்ட. அவ இன்னும் எந்திரிக்கல, பாரு" என்றார்.

என் காலுக்குப் பின்னால் தொழுகை விரிப்பு கிடந்தது. அதை மடித்து வைக்க எனக்குக் கை வரவில்லை.

இந்த நோயில் இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள், அவரோடு வாதாடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தவரை அது நன்றாகப் புரிந்தது. வீட்டுக்கு வந்தபிறகு புரியவில்லை. அப்புறம் கத்தி வந்தது. கருப்பு மரப்பிடி போட்ட சின்னக் கத்தி, தீட்டித் தீட்டி மெலிந்துபோன அலகு. அது எங்கள் வீட்டுக் கத்தியே இல்லை. எங்கள் கத்திகளையும் அரிவாள்மனையையும் நான் ஏற்கெனவே பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன். இது எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மாமி அதைத் தூக்கிக்கொண்டு வருவார், குறி என் காதுக்குப் பக்கத்தில் இருக்கும். "நீ தள்ளு புள்ள, அவள விடு" என்பார். குறி அவளுக்குத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குறுக்கே நிற்பது நானாயிற்றே, குத்து விழுந்தால் யாருக்கு விழும்? ஒரு தடவை சட்டையின் கையைக் கிழித்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் மறந்து, பசிக்கிறது என்று சொல்வார். அதற்குள் கத்தி மறைந்திருக்கும். மெத்தை அடி, அரிசி டின், பரண் எல்லாம் தேடியும் ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை.

மச்சானிடம் போனில் சொன்னேன்.

"இன்னொரு தடவ கத்தியத் தூக்குனாங்கன்னா உம்மாவ ரூம்ல வெச்சுப் பூட்டிடு. வேற வழியில்ல. நான் லீவுல வந்து கம்பிக்கதவு போட்டுத் தர்றேன்" என்றார். சொல்லிவிட்டு அழுதார்.

நான் சரி என்றேன். அடுத்த தடவை மாமி கத்தியைத் தூக்கியபோது மச்சானிடம் சொல்லவில்லை. அதற்கடுத்த தடவையும் சொல்லவில்லை. அது மாமியின் வீடு. கூடத்துக்கும் கொல்லைக்குமாக நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்கிற மனுஷி. அவரைக் கம்பிக்குப் பின்னால் நிறுத்திச் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட என்னால் முடியாது. நான் பிடிவாதக்காரி என்று எங்கள் வீட்டிலேயே சொல்வார்கள், சொல்லட்டும். கத்தியை அவர் கையிலிருந்து வாங்கத் தெரிந்துகொண்டால் பூட்டு தேவையில்லை என்று நினைத்தேன். அப்படித்தான் தலத்தெருவில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் நடந்த வகுப்புக்குப் போனேன். மதியம் மாமி தூங்கும் நேரம் அது. பக்கத்து வீட்டு லாத்தா வந்து துணைக்கு உட்கார்ந்துகொள்வார்.

பயிற்சியாளர் என்னைவிடச் சின்னவள், கராத்தே கற்றவள், குரல் மட்டும் பெரியது. "மொத பாடம் ஓடுறது. ரெண்டாவது பாடமும் ஓடுறதுதான். ஓட முடியலன்னா நாற்காலியோ பையோ கையில கிடைச்சதக் குறுக்க வைங்க. அதுவும் இல்லன்னாத்தான் கை" என்றாள். வீட்டில் ஓடினால் மாமியும் பின்னால் ஓடிவந்து விழுவார். முதல் இரண்டு பாடமும் எனக்கு உதவாது என்று அன்றே தெரிந்துவிட்டது.

ரப்பர் கத்தியின் ஓரத்தில் லிப்ஸ்டிக் பூசிக்கொடுப்பாள். குத்தவருகிற கையை இரண்டு கையாலும் பிடித்து, உடம்போடு ஒட்டி அழுத்தி, முழங்கையைத் திருப்ப வேண்டும். முடிந்ததும் யார் மேல் எத்தனை சிவப்புக் கோடு என்று பார்ப்போம். நான் மச்சானின் பழைய வெள்ளை டீ-ஷர்ட்டில் போவேன், திரும்பும்போது அதைப் பார்க்கச் சகிக்காது. ஒரு நாள் முதுகிலும் ஒரு கோடு இருந்தது, தோளிலிருந்து இடுப்புவரை, நேராக. என்னோடு ஜோடி சேர்ந்தவள் "நான் முன்னாலேர்ந்துதானேக்கா குத்துனேன்" என்றாள். சுவரில் பட்டிருக்கும் என்று பயிற்சியாளர் சொன்னாள். சுவரில் சிவப்பு எதுவும் இல்லை. அன்று வீட்டுக்குப் போய் அதை மட்டும் தனியாக ஊறவைத்துத் துவைத்தேன்.

"கை ஒடியாமப் பிடிக்க ஏதாச்சும் வழி இருக்கா?" என்று கேட்டேன்.

"யாரு கை?"

"குத்தவர்றவங்க கைதான்."

எல்லோரும் சிரித்தார்கள். "எதிராளி கையப் பத்தி உங்களுக்கு என்னக்கா கவல?" என்றாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தேன். மாமியின் மணிக்கட்டை நினைத்ததும் சிரிப்பு தானாக நின்றுவிட்டது.

அந்த வகுப்பில் பயிற்சியாளரைப் பாடாய்ப்படுத்தியது இன்னொன்று. முறை மாறும்போது கத்தியை எதிரே இருப்பவளிடம் கொடுக்க வேண்டும். ஒருத்தியாவது கையில் கொடுக்க வேண்டுமே! குனிந்து தரையில் வைப்போம், அவள் குனிந்து எடுத்துக்கொள்வாள். கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று எல்லா வீட்டிலும் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். இதில் எங்கள் வீடு, அவர்கள் வீடு என்ற வித்தியாசமே இல்லை. "சண்ட போடத்தானக்கா வந்திருக்கீங்க, கையில குடுங்க!" என்று அவள் கத்துவாள். திருடனிடம் பிடுங்கிய கத்தியையும் தரையில் வைத்து எடுத்துக்கோ என்று சொல்வீர்களா என்பாள். பிறகு தன் கையிலிருந்த கத்தியை எனக்காகத் தரையில் வைத்துவிட்டு அடுத்த ஜோடியிடம் போவாள்.

மச்சான் லீவில் வருவதற்குச் சில நாள் முன்பு அது நடந்தது. சாயங்காலம், வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் மாமி எதிரே நிற்கிறார், கையில் கத்தி. இந்தத் தடவை "தள்ளு" என்று சொல்லவில்லை. வாயைத் திறக்காமல், கண்ணை என் தோளுக்கு மேலேயே நிறுத்தி, ஒவ்வொரு அடியாக வந்தார். என் பின்னங்கழுத்தில் மயிர் சிலிர்த்தது. யாரோ பக்கத்தில் நின்று மூச்சு விட்டால் அப்படி இருக்கும். ஃபேன் காற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் ஃபேன் ஓடவில்லை.

கற்றது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நாற்காலி பக்கத்திலேயே இருந்தது, அதை எடுக்கத் தோன்றவில்லை. வலது கை மட்டும் தானாக முன்னால் நீண்டது, உள்ளங்கை மேலே பார்க்க. வாயும் தானாகப் பேசியது.

"அந்தக் கத்தியத் தாங்க மாமி. மீன் அரியணும்."

மாமி நின்றார். நீட்டிய கையைப் பார்த்தார். முகத்தில் இருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. மெதுவாகக் குனிந்து, கத்தியைத் தரையில் வைத்தார், கூர் தன் பக்கம் இருக்க, பிடி என் பக்கம் இருக்க. வாழ்நாளெல்லாம் அடுப்படியில் செய்தது. அவர் எல்லாவற்றையும் மறந்துவிட்டார், அவர் கை மட்டும் இதை மறக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கம்பிக்கதவு வேண்டாம், பூட்டு வேண்டாம், கையை நீட்டினால் போதும் என்ற சந்தோஷத்தில் கத்தியை எடுக்கக் குனிந்தேன்.

"உனக்கில்ல" என்றார் மாமி.

குனிந்தபடியே முகத்தை நிமிர்த்திப் பார்த்தேன்.

"நீயா கேட்ட? அவதான் கைய நீட்டுறா. நீ நவுரு."

வாதாடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் வாதாடவில்லை. சுவரோரமாக ஒதுங்கி வழிவிட்டேன். கத்தி தரையில் கிடந்தது. மாமியின் பார்வை அதன்மேல் இருந்தது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது, ஒருவர் குனிந்து எடுத்து நிமிர எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, "பசிக்குது புள்ள" என்றார்.

கத்தி என் கண்ணுக்கு அங்கேயேதான் கிடந்தது. அதைத் துணியில் சுற்றி, மறுநாள் பாலத்திலிருந்து அரசலாற்றில் போட்டேன். மாமி அதற்கப்புறம் கத்தி எடுக்கவில்லை. அவளைப் பார்த்துக் கோபப்படவும் இல்லை. மச்சான் லீவில் வந்தவர், உம்மா சாதுவாக நடமாடுவதைப் பார்த்துவிட்டுக் கம்பிக்கதவுப் பேச்சையே எடுக்கவில்லை. "நல்லாப் பாத்துக்கிட்ட" என்று என்னிடம் சொன்னார். அவர் அப்படிச் சொல்லிக் கேட்டது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வகுப்புக்கு நான் இன்னும் போகிறேன், மாமி இப்போது எனக்காகத்தான் பயப்படுகிறார் என்பதால். நான் கிளம்பும்போதெல்லாம் வாசல்வரை வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, என் பின்னால் நிற்பவள் காதில் விழாதபடி மெல்லச் சொல்வார்.

"பாத்துப் போ புள்ள. இதுக்கு முன்னாடி அவகிட்ட கத்தி இல்ல."